கூட்டம் ஆங்கிலத்தில், முடிவு கொரிய மொழியில், வேலை தமிழில்

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் அருகே கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் தயாரிக்கும் ஒரு கொரிய நிறுவனத்தில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். டிப்ளமோ முடித்துச் சேர்ந்து, இப்போது தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் உதவி மேலாளராக இருக்கிறேன். அலுவல் மொழி ஆங்கிலம் என்பார்கள். ஆனால் முக்கியமான முடிவுகளெல்லாம் மாலை 6 மணிக்கு மேல் கொரிய அதிகாரிகள் தங்களுக்குள் பேசி எடுப்பவை. பகல் கூட்டங்களிலும் அவர்கள் பத்து நிமிடம் பேசிய பிறகு மொழிபெயர்ப்பாளர் பெண் எங்களிடம் இரண்டே வாக்கியம் சொல்வார். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு, என்னைவிட ஆறு ஆண்டு அனுபவம் குறைந்த, ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஒருவருக்குப் போய்விட்டது. இரண்டு மாதங்களுக்கு முன், காலை லைன் மீட்டிங்கிலும் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும், தமிழில் பேசினால் 20 ரூபாய் பெட்டியில் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதை அமல்படுத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு மோல்டில் (பாகத்தை வார்க்கும் அச்சில்) அதைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் கூலிங் லைன் அடைத்துக்கொண்டு மூன்று நாள் பாகங்கள் நெளிந்து வந்தன. ரிட்டர்ன் ஹோஸில் தண்ணீர் ஓட்டம் குறைந்ததை முதல் நாளே பார்த்த ஆபரேட்டர் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. கேட்டதற்கு, "அதை இங்கிலீஷ்ல எப்படி சார் சொல்றது?" என்றார். ஹிந்திக்காரப் பசங்களுக்கு எப்படியும் எதுவும் புரியாது, அவர்களை விடுங்கள். நம் ஆட்களாவது பேச வேண்டாமா? 39 வயதில் நான் கொரிய மொழி படிக்க வேண்டுமா? இந்த உத்தரவை எதிர்க்கலாமா? எதிர்த்தால் என் வேலைக்கு ஆபத்து வருமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருவதற்கு முன், அந்த ஆபரேட்டர் பேசாமல் நின்ற காலைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே மிகக் கனமான செய்தி அதுதான். நீங்களோ அதைப் பல குறைகளில் ஒன்றாக நடுவில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த மனிதருக்கு மெஷின் தெரியும், ஹோஸைத் தொட்டுப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியும், சொல்ல வேண்டும் என்ற எண்ணமும் இருந்திருக்கும். அவருடைய அறிவுக்கும் அதைக் கேட்டிருக்க வேண்டிய உங்கள் காதுக்கும் நடுவில் நின்றது ஓர் உத்தரவு மட்டுமே. மூன்று நாள் ரிஜெக்‌ஷன் எவ்வளவு என்பது உங்கள் கையில் உள்ள பதிவேட்டில் இருக்கும். அந்த எண்ணிக்கையை எடுத்துத் தனியே குறித்து வையுங்கள். நிர்வாகத்திடம் நீங்கள் பேசப்போகும் நாளில் அதைவிட வலுவான ஆவணம் உங்களுக்குக் கிடைக்காது.

பன்னாட்டு நிறுவனங்களில் அறிவிக்கப்பட்ட மொழி ஒன்றாகவும் அதிகாரத்தின் மொழி வேறொன்றாகவும் இருப்பது உங்கள் ஆலைக்கு மட்டும் உரிய நோய் கிடையாது. லிஃப்ட் தயாரிக்கும் பின்லாந்து நிறுவனமான கோனே 1970களிலேயே ஆங்கிலத்தைத் தன் பொது மொழியாக ஏற்றுக்கொண்டது. 1990களில் அந்நிறுவனத்தின் பல நாட்டுக் கிளைகளில் மேலாண்மை ஆய்வாளர்கள் நேர்காணல்கள் நடத்தியபோது, காகிதத்தில் வரைந்திருந்த நிர்வாக அமைப்பின் நிழலில் இன்னொரு அமைப்பு இயங்குவதைக் கண்டார்கள். ஒரே மொழி பேசுபவர்கள் தங்களுக்குள் தகவலைப் பரிமாறிக்கொண்டார்கள். தலைமையகத்தின் மொழி தெரிந்தவர்கள், பதவி எதுவாக இருந்தாலும், கதவுகளைத் திறக்கவும் மூடவும் வல்லவர்களாக இருந்தார்கள். மாலை 6 மணிக்கு மேல் உங்கள் ஆலையில் கூடுவது அப்படிப்பட்ட நிழல் அமைப்புதான். அவர்கள் உங்களை ஒதுக்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுவதும் அரைகுறை ஆங்கிலத்தில் திணறிய மனிதர்கள் மாலையில் தாய்மொழியில் பேசி மூச்சு விடுவது இயல்பு. ஆனால் அந்தப் பேச்சில் அடுத்த மாத உற்பத்தி இலக்கும் யாருக்குப் பதவி உயர்வு என்பதும் முடிவாகுமென்றால், அதை ஓய்வு நேரப் பேச்சு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மொழியைத் தேர்ந்தெடுக்கும் ஒரு முடிவு மனிதர்களின் தகுதியையே எப்படி மாற்றி எழுதிவிடும் என்பதற்கு இன்னோர் உதாரணமும் உண்டு. 1997இல் பின்லாந்தின் மெரிட்டா வங்கியும் சுவீடனின் நோர்ட்பாங்கன் வங்கியும் இணைந்தன. சரிசமமான இணைப்பு என்றே அது பேசப்பட்டது. பிறகு நிர்வாகத்தின் மொழியாக சுவீடிஷ் தேர்ந்தெடுக்கப்பட்டது. பல ஆண்டு அனுபவமுள்ள பின்லாந்து அதிகாரிகள், தங்கள் துறை நன்கு தெரிந்தும், கூட்டங்களில் வாயடைத்து உட்கார நேர்ந்தது. சுவீடிஷைத் தாய்மொழியாகக் கொண்ட சிறுபான்மை பின்லாந்தியருக்கு எதிர்பாராத வாய்ப்புகள் வந்தன. 2000இல் டென்மார்க் வங்கியும் சேர்ந்து, பின்னர் நோர்டியா என்று பெயர் பெற்ற அந்தக் குழுமம் ஆங்கிலத்துக்கு மாறியது. அந்த அதிகாரிகளின் வங்கி அறிவு ஒரே நாளில் குறைந்துவிடவில்லை. அதை அளக்கும் கோல்தான் மாறியது. உங்கள் பதவி உயர்வு தவறிப்போனதால் உங்கள் திறமை மீது உங்களுக்கே ஐயம் வந்திருப்பது கடிதத்தின் தொனியில் தெரிகிறது. அந்த ஐயத்தை விட்டுவிடுங்கள்.

அதற்காக, ஒரு நிறுவனம் பொது மொழி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே அநியாயம் என்று நான் கருதவில்லை. வாடிக்கையாளரும் தணிக்கையாளரும் தலைமையகமும் படிக்க வேண்டிய ஆவணங்களுக்கு ஒரு பொது மொழி தேவை. நான் பார்ப்பதெல்லாம் அந்தத் தேர்வின் சுமை யார் தோளில் ஏற்றப்படுகிறது என்பதைத்தான். ஜப்பானின் இணைய வணிக நிறுவனமான ரகுடென் 2010இல் ஆங்கிலத்தை அலுவல் மொழியாக அறிவித்தபோது ஏறத்தாழ 7,100 ஜப்பானிய ஊழியர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. தேர்வு மதிப்பெண் எட்டாவிட்டால் பதவி இறக்கம் என்ற அச்சமும் கூடவே வந்தது. நிறுவன உணவகத்தின் உணவுப் பட்டியல்கூட ஆங்கிலத்துக்கு மாறியது. படிப்பது ஊழியரின் சொந்தப் பொறுப்பு என்றுதான் நிர்வாகம் முதலில் நினைத்தது. அது நடக்காது என்று தெரிந்த பிறகே, நிறுவனம் தன் செலவில் வகுப்புகளை ஏற்பாடு செய்யத் தொடங்கியது. அந்தக் கடுமையில் எனக்கு உடன்பாடில்லை. என்றாலும், அந்த விதி தலைமை நிர்வாகியில் தொடங்கி எல்லோரையும் கட்டியது என்பதைக் குறிப்பிட வேண்டும். உங்கள் ஆலையின் விதி கீழ்நோக்கி மட்டுமே பாய்கிறது. காலை 8 மணிக்கு லைனில் நிற்பவர் ஆங்கிலத்தில் பேச வேண்டும், மாலை 6 மணிக்கு அறைக்குள் அமர்பவர் பேச வேண்டியதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மரியாதையாகச் சுட்டிக்காட்டினாலே போதும், அந்த உத்தரவுக்கு நியாயம் சொல்ல யாராலும் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன். இருபது ரூபாய் என்பது சிறு தொகை, விளையாட்டுக்காக என்றுகூட உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஆனால் தொழிலாளியிடம் அபராதம் வாங்குவதற்கு நம் நாட்டில் 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலிருந்தே கட்டுப்பாடு உண்டு. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளது. எந்தச் செயல்களுக்கு அபராதம் என்பதை அரசின் முன் ஒப்புதலுடன் அறிவித்திருக்க வேண்டும், தொழிலாளிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதம் சம்பளத்தின் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வசூலித்த தொகையைப் பதிவேட்டில் எழுதித் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும். உங்கள் பெட்டி இவற்றில் எதற்கும் உட்பட்டதாகத் தெரியவில்லை. அதை வசூலிப்பவர் இவர்தான் என்று நாளை யாராவது கைகாட்டினால், அந்தக் கை உங்களை நோக்கித்தான் நீளும். ஆகவே பெட்டியை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். மற்றவற்றுக்குப் பொறுமை வேண்டும், இதற்கு வேண்டாம்.

மொழியைப் பற்றியும் நம் சட்டங்கள் மௌனமாக இருந்ததில்லை. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டமும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும், நிலையாணைகளையும் (ஆலையின் வேலை நிபந்தனைகளை வகுக்கும் விதிகளையும்) அறிவிப்புகளையும் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் ஆலை வாயிலில் வைக்க வேண்டும் என்று சொல்லின. இவற்றின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டதால், தமிழ்நாட்டு விதிகளின் இன்றைய நிலையை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொழிலாளிக்குப் புரியாத மொழியில் அவரைக் கட்டுப்படுத்த முடியாது என்ற கருத்து மட்டும் எண்பது ஆண்டுப் பழமையுடையது. மனிதவளத் துறையில் இருக்கும் எவருக்கும் அது புதிதாக இராது.

பிரான்சில் இது இன்னும் கடுமையானது. 1994ஆம் ஆண்டின் தூபோன் சட்டமும் அந்நாட்டின் தொழிலாளர் சட்டமும், வேலையைச் செய்வதற்குத் தேவையான ஆவணங்கள் பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. ஜெனரல் எலெக்ட்ரிக் குழுமத்தின் மருத்துவக் கருவிப் பிரிவு, தன் பிரெஞ்சு ஊழியர்களுக்கு மென்பொருள்களையும் கையேடுகளையும் ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்தது என்று ஊழியர் பிரதிநிதிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2006 மார்ச் மாதம் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊழியர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நிறுவனம் 5,80,000 யூரோ செலுத்த வேண்டியதாயிற்று. அதே ஆண்டுகளில் எப்பினால் என்ற பிரெஞ்சு நகரத்து மருத்துவமனையில், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற 24 பேருக்கு அளவை மீறிய கதிர்வீச்சு செலுத்தப்பட்டது தெரியவந்தது. கதிர்வீச்சு அளவைக் கணக்கிடும் மென்பொருளைப் பயன்படுத்தியவர்களிடம் அவர்கள் மொழியில் கையேடு இல்லை என்பதும் விசாரணையில் எழுந்த குறைகளில் ஒன்று. கதிர்வீச்சுக் கருவிக்கும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினுக்கும் தூரம் அதிகம் என்று நினைக்காதீர்கள். சூடான பேரல், உயர் அழுத்த ஹைட்ராலிக் எண்ணெய், சட்டென்று மூடும் மோல்ட். பழுது பார்க்கும்போது மெஷினை நிறுத்திப் பூட்டி மாட்டும் லாக்-அவுட் டேக்-அவுட் அட்டையில் எழுதியிருப்பது புரியாத ஒருவர் உள்ளே கையை விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் ஒரு ஆலையின் மனிதவளப் பிரிவில் இருந்தபோது, பாதுகாப்புப் பயிற்சி முழுவதையும் ஆங்கிலத்தில் நடத்தி, வருகைத் தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். தணிக்கையாளர் அந்தத் தாளைப் பார்த்துப் பாராட்டினார். சில வாரங்கள் கழித்து ஓர் இளைஞரின் இரண்டு விரல்கள் நசுங்கின. விசாரணையில் அவருடைய கையெழுத்து நிறுவனத்துக்கு ஆதரவான சான்றாக வைக்கப்பட்டது. அதை வைத்தவன் நான். அந்தக் கையெழுத்துக்கு என்ன பொருள் என்று அன்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மொழிக் கொள்கையைப் பற்றி நான் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அதனால்தான், "ஹிந்திக்காரப் பசங்களுக்கு எப்படியும் எதுவும் புரியாது, அவர்களை விடுங்கள்" என்று நீங்கள் எழுதிய வரியை என்னால் கடந்து போக முடியவில்லை. உங்கள் லைனில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஒடியா பேசுபவரும் போஜ்புரி பேசுபவரும் வங்காளம் பேசுபவரும் இருக்கக்கூடும். நீங்கள் எல்லோரையும் ஒரே பெயரில் அடக்கிவிட்டீர்கள். மாலை 6 மணி அறைக்கு வெளியே நீங்கள் எப்படி நிற்கிறீர்களோ, தமிழில் நடந்த உங்கள் கூட்டத்துக்கு வெளியே அவர்கள் அப்படித்தான் நின்றார்கள். கொரிய அதிகாரி உங்களைப் பற்றி, இவர்களுக்கு எப்படியும் புரியாது, விடுங்கள் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? உங்களைக் கண்டிக்க இதை எழுதவில்லை. இந்த விஷயத்தில் நீங்கள் வெறும் பாதிக்கப்பட்டவர் மட்டும் இல்லை. உங்கள் லைனுக்கு மொழிக் கொள்கை வகுக்கும் அதிகாரம் ஓரளவு உங்களிடமே இருக்கிறது. லைன் மீட்டிங்கில் தமிழை மீட்டுக் கொண்டுவருவது உங்கள் கோரிக்கையின் பாதிதான். ஒடியாவும் ஹிந்தியும் தெரிந்த ஒரு மூத்த தொழிலாளி பக்கத்தில் நின்று சொல்லும் ஏற்பாடும், படம் போட்ட வேலைக் குறிப்புகளும் மீதிப் பாதி. அப்படிக் கேட்டால் உங்கள் கோரிக்கையை யாரும் மொழிப்பற்று என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களிடம் "வா, போ" என்று பேசும் பழக்கம் உங்கள் லைனில் இருந்தால், அதையும் அதோடு நிறுத்துங்கள்.

மொழிபெயர்ப்பாளர் பெண்ணின் மீது உங்களுக்கு இருக்கும் கசப்பைப் பற்றியும் ஒரு சொல். பத்து நிமிடம் இரண்டு வாக்கியமாகச் சுருங்குவது அவருடைய அலட்சியத்தால் என்று முடிவு கட்டாதீர்கள். மூன்று கொரிய அதிகாரிகள் இடைவிடாமல், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசும்போது யாராலும் முழுமையாக மொழிபெயர்க்க முடியாது. அவர் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவராக இருக்க வாய்ப்பும் குறைவு. பர், ஷார்ட் ஷாட், சிங்க் மார்க், வார்ப்பேஜ் என்று பாகங்களில் வரும் குறைகளின் வேறுபாட்டை அவருக்கு யாரும் பாகத்தைக் கையில் கொடுத்துக் காட்டியிருக்க மாட்டார்கள். இரு தரப்பும் அவரை நம்பியிருக்கின்றன; தவறு நேர்ந்தால் இரு தரப்பும் அவரைத்தான் சொல்லும். ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் குறைபாட்டு மாதிரிப் பலகையின் முன் அவரை நிறுத்தி, ஒவ்வொன்றையும் காட்டி, கொரியச் சொல், ஆங்கிலச் சொல், ஆபரேட்டர் சொல்லும் சொல் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். இரண்டு பக்கம் வரும். உங்கள் கூட்டங்களின் தரத்தை அந்த இரண்டு பக்கம் மாற்றும் என்று என் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்கிறேன்.

சென்னையின் தொழிலாளர் வரலாற்றில் மொழிபெயர்ப்புக்கு ஒரு மதிப்பான இடம் உண்டு. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் தலைவராக இருந்த பி.பி. வாடியா பம்பாயிலிருந்து வந்த பார்சி, ஆங்கிலத்தில்தான் பேசுவார். மில் தொழிலாளர்களிடம் அவர் கருத்து தமிழில் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், திரு.வி.க.வைப் போன்றவர்கள் அந்த மேடையில் நின்றதே. நடுவில் நின்று மொழியைக் கடத்துபவர் எவ்வளவு பெரிய வேலை செய்கிறார் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நிர்வாகத்திடம் என்ன கேட்பது? மாலைக் கூட்டத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது நடக்காது. அங்கே எடுத்த முடிவு உங்கள் பிரிவைத் தொட்டால், மறுநாள் காலை 10 மணிக்குள் அது ஆங்கிலத்தில் நான்கு வரியாக மின்னஞ்சலில் வர வேண்டும், அப்படி எழுத்தில் வராத முடிவை லைனில் செயல்படுத்த மாட்டோம் என்று ஒரு நடைமுறையைக் கேளுங்கள். கொரியர்களுக்கும் இதில் நன்மை உண்டு. வாய்மொழியாக வந்த மாற்றத்தால் தவறான பாகம் போய்விட்டால் வாடிக்கையாளர் முன் விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். லைன் மீட்டிங்கைப் பொறுத்தவரை, வாடிக்கையாளர் ஆவணமும் தணிக்கை அறிக்கையும் ஆங்கிலத்தில், வேலைக் குறிப்பும் பாதுகாப்பும் தொழிலாளர் மொழிகளில் என்று ஒரே பக்க முன்மொழிவாக எழுதுங்கள். மேலே கூலிங் லைன் நிகழ்வையும் மூன்று நாள் ரிஜெக்‌ஷனையும் வையுங்கள். ஆபரேட்டரின் பெயரை மட்டும் எழுத வேண்டாம்.

வேலைக்கு ஆபத்து வருமா என்று கேட்டீர்கள். "உத்தரவை எதிர்க்கிறேன்" என்று போனால் வரலாம். தரப் பிரிவு அதிகாரி ஒரு குறைபாட்டின் மூலகாரணத்தைக் கண்டுபிடித்து, மறுபடி நேராமல் தடுக்க வழி சொல்வது அவருடைய கடமை; அந்த வடிவில் போனால் ஆபத்து மிகவும் குறைவு. தனியாகப் போகாமல் உற்பத்திப் பிரிவில் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதவி உயர்வைப் பற்றிய பேச்சை இதில் கலக்காதீர்கள். அதை ஆண்டு மதிப்பீட்டின்போது தனியே எடுத்து, அந்தப் பதவிக்கு எந்த மொழி, எந்த அளவுக்குத் தேவை என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்துவிட்டால் அது உங்களால் எட்டக்கூடிய இலக்காகிவிடும். வராவிட்டால், மொழியைக் காரணம் காட்டி அடுத்த முறை உங்களை ஒதுக்குவது அவர்களுக்கு எளிதாக இருக்காது.

இனி, கொரிய மொழி. படியுங்கள். ஆனால் வேலை போய்விடும் என்ற பயத்தில் படிக்க வேண்டாம். 15ஆம் நூற்றாண்டில் மன்னர் செஜோங் உருவாக்கிய ஹங்குல் எழுத்தில் அடிப்படை எழுத்துகள் 24. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டமாக அமைவது நம் உயிர்மெய்யைப் பழகிய கண்ணுக்கு அந்நியமாக இராது. ஒரு வாரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். வினைச்சொல் கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் தமிழைப் போன்றதே. ஆகவே வாக்கியம் அமைப்பதில் ஆங்கிலத்தைவிட இது உங்களுக்கு எளிதாக இருக்கக்கூடும். சென்னையில் இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ மையத்தில் வகுப்புகள் நடக்கின்றன. கொரிய மொழித் திறனை அளக்கும் டோபிக் தேர்வின் முதல் இரண்டு நிலைகள் உங்களுக்கு இப்போதைக்குப் போதும். கட்டணத்தையும் வாரம் இரண்டு மணி நேர வேலை நேரத்தையும் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள், கொடுக்கத் தயங்கினாலும் கேட்டது பதிவில் இருக்கட்டும்.

அந்த மொழியில் உங்களுக்கு முதலில் பயன்படப்போவது மரியாதை வடிவங்கள். துறைத் தலைவரை நீங்கள் 'புஜாங்நிம்' என்று அழைக்கும்போது சொல்லும் 'நிம்', நம் 'அவர்கள்' போன்ற மரியாதை ஒட்டு. நம் 'நீ', 'நீங்கள்' வேறுபாடு அவர்கள் மொழியில் வினைமுற்றில் பல படிகளாக விரிந்திருக்கிறது. மரியாதையின்றிப் பேசும் நடைக்குப் பன்மல் என்று பெயர். சில மாதங்கள் படித்தாலே, உங்களைப் பற்றி உங்கள் முன்னிலையில் எந்த நடையில் பேசுகிறார்கள் என்பது காதில் விழத் தொடங்கும். அன்று கோபப்படாமல், உங்கள் வாயிலிருந்து மரியாதை நடையில் ஒரு வாக்கியம் வரட்டும். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து நடையை மாற்றிக்கொள்வதை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

சுற்றறிக்கையின் நகல் கிடைத்தால், நிறுவனத்தின் பெயரை மறைத்து எனக்கு அனுப்புங்கள். வாய்மொழி உத்தரவு மட்டும்தான் என்றால், அதை எழுத்தில் தரும்படி கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை பெட்டியில் ஒரு ரூபாயும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆபரேட்டரை நாளைய கூட்டத்தில் முதல் ஆளாகப் பேச அழையுங்கள். அவர் கையில் ஹோஸைக் கொடுத்து, தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள்.